குசினிக் கதவு

பழைய வீடுகளை நேசிப்பவர்கள் எல்லோரும் புது வீடுகளில் குடியிருப்பவர்கள் என்பதை ஸுபைதா டீச்சர் எப்போதோ கவனித்து வைத்திருந்தாள். அதற்கு ஸக்கரியா ஹாஜியாரை விட்டால் வேறு உதாரணம் தேவையில்லை. இதே கொக்கோ ஸ்டோர் லேனின் கடைசி வீட்டில் பிறந்தவர். வியாபாரம் கொஞ்சம் தலையெடுத்த உடனே பலாபத்வலையில் மாபிள் தரையும் நீலக் கண்ணாடி ஜன்னலுமாக ஒரு மாளிகையைக் கட்டிக்கொண்டு போனவர். இப்போது லேன் மீட்புக் குழுவின் தலைவர். "எங்கட மூத்தவங்கட மூச்சு இந்தச் சுவர்கள்ல ஈக்கி" என்று கூட்டங்களில் பேசுகிறார். மூச்சு இருந்ததோ இல்லையோ, ஈரம் இருந்தது. இன்றைக்கும் ஸுபைதாவின் கூடத்தில் கதிரையைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவருடன் கொழும்பிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்திருந்தாள். சர்மிளா என்று பெயர். கையில் ஒரு சின்னக் கருவி. அதைச் சுவரில் வைத்து அழுத்தினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்து தூரத்தைச் சொல்லும். அந்தப் புள்ளி ஸுபைதாவின் கூடம், அறை, குசினி என்று எல்லா இடமும் போய்வந்தது. கேளாமல் நுழைகிற விருந்தாளி மாதிரி.

"அன்டி, இந்தச் சுவர் ஒரிஜினல் இல்லைத்தானே" என்றாள் குசினியிலிருந்து.

மாத்தளையில் பாதிப் பேருக்குக் கணக்குப் படிப்பித்தவள் ஸுபைதா. ஓய்வு பெற்ற பிறகும் மீன்காரன்கூட டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். அன்டி என்று கூப்பிட்டதை மனசுக்குள் சிவப்புப் பேனாவால் கோடிட்டுவிட்டு எழுந்து போனாள்.

சர்மிளா காட்டிய இடம் அடுப்புக்கு எதிர்ப்பக்கம். மற்றச் சுவர்களின் காரை முதுகெலும்பு தெரிகிற மாதிரி மேடு பள்ளமாக இருக்க, அந்த ஓர் ஆள் உயரத் துண்டு மட்டும் மழமழவென்று இருந்தது.

"இங்கே ஒரு கதவு இருந்திருக்குது. நடுவில ஆரோ அடைச்சிருக்கினம். இந்த மாதிரிப் பொருந்தாத வேலைகளை எல்லாம் நாங்கள் எடுத்துவிடுவோம்."

"ஆரோ இல்ல" என்றாள் ஸுபைதா. "நான்."

சர்மிளா கருவியைக் கீழே இறக்கினாள். ஹாஜியார் கூடத்திலிருந்தபடியே சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலத்துச் சின்னச் சின்னக் கோவம், மிஸ். நீங்க அளவெடுங்க."

லேனில் ஆறு வீடுகள்; ஸுபைதாவுடையது முதல் வீடு. ஆறுக்கும் ஒரே முகடு, ஒரே ஓட்டுக் கூரை. கொக்கோவும் மிளகும் வாங்கி விற்ற வியாபாரிகள் தெருப்பக்கம் கடையாகவும் உள்பக்கம் வீடாகவும் கட்டியது. பின்னால், குசினிக்குக் குசினி ஒரு கதவு. முதல் வீட்டுப் பெண் தெருவில் கால் வைக்காமலே கடைசி வீட்டுக்குப் போய்வரலாம். ஜும்ஆ நாளில் தெரு முழுக்க ஆண்களாக இருக்கும்போதும், மரணம் நடந்த மையித்து வீட்டுக்குப் போகும்போதும், நாற்பது நாள் பிள்ளையைக் காட்டப் போகும்போதும் அந்தக் கதவுகள் வழியாகத்தான். கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது. தட்டினால் அந்நியம். தள்ளிக்கொண்டு வருவதுதான் சொந்தம்.

இப்போது அதற்கு 'பெண்கள் பாதை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாஜியார் கொண்டுவந்த பளபளப்பான கையேட்டில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. மாதத்தில் ஒரு நாள் வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பாதையில் நடந்து பார்ப்பார்களாம். லேனிலேயே பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவனும் கல்யாணமான பிறகு அந்தக் கதவுகளைத் தாண்டியதில்லை. இனி ஜெர்மன்காரன் தாண்டுவான்.

"கூரை முழுக்க இறக்கி, உளுத்த மரம் எல்லாம் மாத்தி, திரும்பவும் அதே ஓடு போட்டுத் தருவாங்க" என்றார் ஹாஜியார். "முகடு ஒண்டா ஈக்கிறதால ஆறு ஊடும் சேரணும். ஒராள் மாட்டேன் எண்டா ஒருத்தருக்கும் இல்ல. கதவுகளத் தொறக்கிறதுதான் நிபந்தனை. மத்த அஞ்சு ஊட்டிலயும் சைன் வெச்சிட்டாங்க, டீச்சர்."

"அஞ்சு ஊட்டிலயுமா?"

"அஞ்சிலயும்."

ஸுபைதாவின் அடுத்த கேள்வி பக்கத்து வீட்டைப் பற்றியது. கேட்கத் தேவையில்லாமல் ஹாஜியாரே சொன்னார். "றம்லாவும் வெச்சிட்டா. ஒரு வார்த்த பேசல்ல."

அவர்கள் போன பிறகு ஸுபைதா குசினியில் நின்றாள். வெளியே மழை இல்லை. ஆனாலும் அறையின் மூலையில் வைத்திருந்த வாளியை எடுக்க அவளுக்குத் துணிவு வருவதில்லை. போன மழைக்கு விட்டத்தில் ஒன்று பிளந்து, அலுமாரியில் இருந்த உடுப்பு முழுக்கப் பூஞ்சணம் பிடித்தது. வரப்போகிற மழைக்கு அந்த விட்டம் நிற்காது என்று அவளுக்கே தெரியும். கூரையைத் தனியாகத் திருத்தலாம் என்றால், முகட்டில் கை வைத்தால் பக்கத்து வீட்டு ஓடு சரியும். கூரைக்குக் கீழே தனித்தனியாக வெறுத்துக்கொள்ளலாம். கூரை மட்டும் ஆறு பேருக்கும் பொது.

அப்படியென்றால் சுவரை உடைக்க வேண்டும்.

வாழ்க்கையில் யாரையும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல் அவள் செய்த ஒரே காரியம் அந்தச் சுவர்.

அவளுக்கு இருபத்தைந்து வயதில் கண்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்தார்கள், பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், பெண் கறுப்பு என்று தூதனுப்பினார்கள். உம்மா அறைக்குள் போய் அழுதாள். ஸுபைதா குசினிக்குப் போனாள். விருந்துக்கு இனிப்பாகச் செய்த வட்டிலப்பம் ஒரு தட்டு மிச்சம் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது, பசித்தது. நின்றபடியே கையால் அள்ளித் தின்றாள். ஏதோ நினைத்துச் சிரித்தாள்கூட. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த றம்லா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள்.

அஸர் தொழுகைக்குள் ஆறு குசினிக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. 'மாப்பிள வேணாமாம், வட்டிலப்பம் போதுமாம்.' அடுத்த வருடம் நாவுலவிலிருந்து இன்னொரு சம்பந்தம் பேசியபோது, இடையில் நின்ற பெண் அதைச் சொல்லிச் சிரித்தாளாம். அதோடு அதுவும் நின்றது. கல்யாணம் நின்றதில் ஸுபைதாவுக்குப் பெரிய கவலை இல்லை. தான் தனியாக இருந்த ஒரு நிமிடத்தை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பதுதான் ஆறவில்லை. மனுஷி எல்லோருக்கும் முன்னால் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. யாரும் இல்லாதபோது எப்படி இருக்கிறாள் என்பது அவளுடையது. அதை ஒருத்தி கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறாள்.

உம்மா இருக்கும் வரைக்கும் கதவை ஒன்றும் செய்ய முடியவில்லை. உம்மா மௌத்தான பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு உள்தாழ்ப்பாளைப் போட்டாள். அது போதவில்லை. தாழ்ப்பாள் என்றால் ஒரு நாள் திறக்கலாம் என்ற நினைப்பு இருக்கும். பித்தப்பையில் கல் என்று கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டிவிட்டு வந்த கிழமை, றம்லா தன் உடன்பிறந்த நாநாவின் வயலில் வேளாண்மை வெட்டுக்கு வில்கமுவவுக்குப் போயிருந்தாள். தையல் பிரிக்காத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸுபைதா மேசன் நடராஜா பாஸைக் கூப்பிட்டாள். மூடிய கதவுக்கு முன்னால் செங்கல் அடுக்கி, காரை பூசி, சுண்ணாம்பு அடித்து முடித்தாயிற்று. "ஒருத்தருக்கும் செல்லத் தேவல்ல" என்றாள். "நான் எதுக்குங்க சொல்லப்போறேன்" என்றார் நடராஜா பாஸ்.

அன்றிலிருந்து இருபது வருடமாக ஸுபைதாவிடம் ஒரு காட்சி இருக்கிறது. அவள் அதைப் பார்த்ததில்லை. ஆனால் உம்மாவின் முகத்தைவிட அது தெளிவாக இருந்தது. றம்லா வில்கமுவவிலிருந்து வருகிறாள். கையில் புது அரிசியில் செய்த ஏதோ ஒரு பலகாரம், மூடிய பாத்திரத்தில். எப்போதும் போல முழங்கையால் கதவைத் தள்ளுகிறாள். கதவு அசையவில்லை. மறுபடி தள்ளுகிறாள். அசையவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளுகிறாள். பிறகு அவளுக்கு விளங்குகிறது. முகம் மெல்ல மெல்லச் சுருங்குகிறது.

பாடசாலையில் அதிபர் மரியாதை இல்லாமல் பேசிய நாட்களில், நித்திரை வராதபோது, காய்ச்சலில் கிடந்தபோது, ஸுபைதா அந்தக் காட்சியை எடுத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் பாத்திரத்துக்குள் வேறு பலகாரம். முகம் மட்டும் அதே முகம்.

அப்படிப்பட்டவள் இப்போது ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்து வைத்திருக்கிறாள். ஏன் வைக்கமாட்டாள் என்று ஸுபைதா நினைத்தாள். புருஷனும் போய்விட்டான், பிள்ளைகள் கட்டாரில். நாலு சுவருக்குள் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருப்பாள். வரட்டும், அந்தக் கதவு வழியாக உள்ளே வந்து நிற்கட்டும், அவளை உட்காரச் சொல்வதா வேண்டாமா என்பது நம் கையில். இப்படி நினைத்தபோது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. அதைக் கருணை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஹாஜியாருக்குப் போன் எடுத்து, "ஊராக்களுக்காக ஒத்துக்கொள்றேன்" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ். நீங்க படிச்ச மனுஷி. உங்களுக்குத்தான் இந்தப் பழைய பொருள்கட பெறுமதி வெளங்கும்."

"எனக்கு மழைதான் வெளங்குது, ஹாஜியார்" என்று வைத்துவிட்டாள்.

சுவர் உடைக்கும் நாள் காலையில் ஸுபைதா குசினியைக் கழுவினாள். ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டாள். வெளியில் போகும்போது உடுக்கிற கரும்பச்சைச் சாரியை உடுத்திக்கொண்டாள். வந்து நிற்கிறவள் முதல் பார்வையில் எதையெல்லாம் பார்ப்பாள் என்று, றம்லாவின் கண்ணால் தன் குசினியை மூலை மூலையாகப் பார்த்தாள். கேத்தலில் கரி இருந்தது. எடுத்து உள்ளே வைத்தாள்.

சர்மிளா கேமராவோடு வந்தாள். ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவோடு வந்து, தூசிக்குப் பயந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார். உடைப்பதற்கு வந்தவர் நடராஜா பாஸ். ஊரில் பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் அவர் ஒருவர்தான் மிச்சம். ஸுபைதாவைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு அசௌகரியம் இருந்தது. கட்டியதைத் தானே உடைக்க வேண்டிவந்த வருத்தமாக்கும் என்று நினைத்தாள்.

"ராத்தா, இத உடைக்கத்தான் வேணுமா?" என்றார் மெதுவாக.

"நானா கேட்டது? அவங்கள்ட்ட கேளுங்க."

செங்கல் சுலபமாக வந்தது. முக்கால்வாசி இறங்கியதும் உள்ளே கறுத்த பலகை தெரிந்தது. சர்மிளா மூச்சை இழுத்தாள். பழைய கதவு, நிலையோடு, கீல் கழலாமல், போட்ட தாழ்ப்பாள் போட்டபடி. இருபது வருடத் தூசி அதன் மேல் மெல்லிய துணி மாதிரி படிந்திருந்தது.

"கதவை விட்டுவிட்டே அடைச்சிருக்கிறீங்கள். அன்டி, நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? மற்ற வீடுகளில ஒண்டிலயும் ஒரிஜினல் இல்லை. தெரிஞ்சோ தெரியாமலோ நீங்கள் இதைப் பாதுகாத்திருக்கிறீங்கள்."

வெறுப்பில் செய்த காரியத்துக்குப் பாதுகாப்பு என்று பெயர் கிடைத்தது. ஸுபைதாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பிள்ளை ஒரு சண்டையைப் பார்த்தால்கூட நல்ல நிலையில் இருக்கிறது என்று அளவெடுத்துக்கொள்ளும்.

"நீங்களே திறவுங்கோ, அன்டி. நான் படம் எடுக்கிறன்."

ஸுபைதா முந்தானையைச் சரிசெய்தாள். தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது. நடராஜா பாஸ் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கொடுத்தார். கதவு தன் பக்கமாகத் திறக்கும் என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது. இழுத்தாள். முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு இழுத்தாள்.

கதவு திறந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சுவர்.

செங்கல்லுக்கு நடுவில் காரை பிதுங்கிக்கொண்டு, பூசாமல், துப்பியது துப்பியபடி காய்ந்திருந்தது. ஒரு சுவரின் முதுகு அது.

ஹாஜியார் வாசலிலிருந்து, "என்ன, என்ன?" என்றார்.

சர்மிளா கிட்டே போய் விரலால் தடவினாள். "இது அந்தப் பக்கமிருந்து கட்டினது. காரை இந்தப் பக்கம் பிதுங்கியிருக்குது, பாருங்கோ. நான் ரெண்டு பக்கமும் பார்த்து ஒரே சுவர் எண்டு நினைச்சன்."

ஸுபைதா நடராஜா பாஸைப் பார்த்தாள். அவர் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்."

"சொல்லுங்க ராத்தா."

"இது ஆருட வேல?"

"வேல நம்ம வேலதாங்க. சொன்னது அந்த ராத்தா."

"எப்ப?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "நீங்க கண்டி ஆஸ்பத்திரியில இருந்தீங்கல்ல, அப்ப. அவங்க வில்கமுவ போறதுக்கு முந்தி. 'ஸுபைதா ராத்தா வாறதுக்குள்ள முடிங்க பாஸ், ஒருத்தருக்கும் சொல்லாதீங்க'ன்னாங்க. முடிச்சேன். அடுத்த கெழம நீங்க கூப்புட்டீங்க. நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதீங்கன்னீங்க."

"பொறத்தால சுவர் ஈக்கிது எண்டு தெரிஞ்சுமா எனக்கு முன்னால ஒண்டு கட்டித் தந்தீங்க?"

"சொன்னா சண்ட வருங்க. கட்டச் சொன்னாங்க, கட்டினேன்."

சர்மிளா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்பது ஸுபைதாவுக்குத் தெரிந்தது.

அந்தச் சுவரை மறுபக்கமிருந்துதான் உடைக்க வேண்டும் என்று எல்லோரும் தெருவழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். ஸுபைதா போகவில்லை. குசினி வாங்கில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து உளி விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அவள் அந்தக் காட்சியைத் தேடினாள். பாத்திரம் இருந்தது, முழங்கை இருந்தது. ஆனால் கதவு இல்லை. றம்லா தள்ளுவதற்கு அந்தப் பக்கத்தில் கதவே இருக்கவில்லை. அவள் ஊரிலிருந்து வந்து, வெள்ளையடித்த தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாள். இருபது வருடமும். ஒரு தடவைகூடத் தள்ளிப் பார்த்திருக்கமாட்டாள். தான் கண்டியில் வயிற்று வலியோடு கிடந்து யோசித்து யோசித்து எடுத்த முடிவை, அவள் அதற்கு முன்பே எடுத்து, முடித்து, அறுவடைக்கும் போய்விட்டாள். மூடிய கதவையல்லவா நான் மூடியிருக்கிறேன் என்று ஸுபைதா நினைத்தாள். வகுப்பில் இப்படி ஒரு கணக்கை ஒருத்தி செய்திருந்தால் கொப்பியைத் தூக்கி வீசியிருப்பாள்.

அதைவிடக் குடைந்தது இன்னொன்று. தனக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு என்ன காரணம்?

செங்கல் ஒன்று உள்நோக்கி விழுந்தது. பிறகு வரிசையாக. தூசி அடங்கியபோது அந்தப் பக்கத்தில், முக்காட்டுத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு றம்லா நின்றாள். பழைய மக்ஸி ஒன்று. மையித்து வீடுகளில் ஸலாம் சொல்லிக்கொண்டபோது தெரியாத வயது இங்கே தெரிந்தது. கரும்பச்சைச் சாரியை ஒரு தடவை பார்த்தாள்.

"எங்கயாவது பயணமா, ராத்தா?"

"இல்ல."

"அழகா உடுத்து ஈக்கிறீங்க. அதான் கேட்ட."

ஹாஜியார் றம்லாவின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் நிலைக்கு இருபக்கமும் நின்று ஒரு தட்டைக் கைமாற்றுகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் கையேட்டுக்கு நல்லது என்றார். றம்லா அவரைக் கவனிக்கவில்லை. சர்மிளாவைப் பார்த்து, "மிஸ், படமெல்லாம் எடுத்து முடிஞ்ச பேந்து சுவரத் திரும்பக் கட்டித் தருவீங்கதானே?" என்றாள்.

"திரும்பவா?"

"ஓ. கூரை வேலைக்காகக் கொஞ்ச நாளைக்கு எண்டு நெனச்சுத்தானே நான் சைன் வெச்ச."

ஸுபைதாவின் காதுமடல் சூடானது. வர ஏங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தவள் இவள். இவளை உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, கேத்தலை ஒளித்து வைத்தவள் தான்.

"என்னத்துக்கு அடைச்ச?" என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

றம்லா மூக்கிலிருந்து துணியை எடுத்தாள்.

"உண்மையச் செல்லவா?"

"பொய்ய வேறாக்கள்ட்ட செல்லுங்க."

"இதுதான்" என்றாள் றம்லா. "இந்த வாய். பேந்து அந்தப் பார்வ. நான் கல்யாணம் முடிச்சு வந்தப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. இந்த லேன்ல ஒராளையும் தெரியா. ஒவ்வொரு தரமும் நான் இந்தக் கதவால வரக்குள்ள நீங்க என்ட காலப் பாப்பீங்க. சேறு ஈக்கிதா எண்டு. நான் போன பொறகு அந்த எடத்தத் தொடைப்பீங்க. எனக்குத் தெரியாதெண்டு நெனச்சீங்களா? தண்ணிச் சத்தம் கேக்கும். உங்கட உம்மாக்காகத்தான் வந்துபோன. அவ மௌத்தாகினாப் பேந்து எனக்கென்ன விதியா?"

"ஊரெல்லாம் வட்டிலப்பக் கத செல்லித் திரிஞ்சீங்களே, அது?"

றம்லா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அது நான் பகிடியாச் செல்லின. மாப்பிள போனத்துக்கு அழாம சிரிச்சிக்கிட்டு வட்டிலப்பம் தின்டா, கெட்டிக்காரி எண்டு. பொறாமையா ஈந்திச்சி. எனக்கு அப்பிடி ஒரு துணிவு ஈந்தா நான் இங்க வாழ்க்கப்பட்டே ஈக்கமாட்டேன்."

இதை நம்புவதா என்று ஸுபைதாவுக்குத் தெரியவில்லை. நம்பினால் முப்பது வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. நம்பாமல் இருப்பது வசதி. ஆனால் தண்ணீர் ஊற்றித் துடைத்தது உண்மை. அந்த ஈரத் துணியின் பிடி கைக்கு ஞாபகம் இருந்தது.

சர்மிளா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வகுப்பில் சண்டை பிடித்த பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "சரி. நிபந்தனையில இருக்கிறது கதவு தெரியவேணும் எண்டு மட்டும்தான். ஒரு வீட்டிலிருந்து தெரிஞ்சால் போதும் எண்டு நான் எழுதித் தரலாம். நடக்கிற பாதை இந்த வீட்டோட நிண்டுவிடும், அவ்வளவுதான். ஒரு பக்கம் சுவர் கட்டலாம். கூரைக்கும் பிரச்சினை வராது."

"அப்ப என்ட பக்கம் கட்டுங்க" என்றாள் றம்லா உடனே. "கதவு டீச்சர் பக்கம் தெரியட்டும். அவங்க பாதுகாத்து வெச்ச கதவுதானே."

ஸுபைதா கேட்டதெல்லாம் அதில் இருந்தது. கூரை கிடைக்கும். றம்லா வரமாட்டாள். யாரும் பார்க்கமாட்டார்கள். தலையாட்டினால் போதும்.

தன் குசினியில் அந்தக் கதவு இருக்கும். வருகிறவர்கள் திறந்து பார்ப்பார்கள். திறந்தால் பக்கத்து வீட்டுக்காரியின் சுவர். ஏன் இப்படி என்று கேட்பார்கள். அவங்களுக்கு இவங்களப் பிடிக்கல்ல, அதான் அடச்சிட்டாங்க என்று ஹாஜியார் இங்கிலிஷில் விளக்கம் சொல்வார்.

"கட்டுறதெண்டா என்ட பக்கம்" என்றாள்.

"உங்கட பக்கம் கட்டினா கதவு எனக்கெல்லவா தெரியும். நீங்க என்ன அடச்சு வெச்சத நான் நாளெல்லாம் பாத்துக்கிட்டு ஈக்கணுமா? ஏலா."

"நான் பாக்கலாம், நீங்க பாக்க ஏலாதா?"

"நான்தானே மொதல்ல கட்டின. என்ட சுவர எனக்குத் தாங்க."

"மொதல்ல கட்டினா சீதனமா?"

நடராஜா பாஸ் இருமினார். "ரெண்டையும் வேணும்னா திரும்பக் கட்டிர்றேன்" என்றார் யாரையும் பார்க்காமல். "எனக்கென்னங்க."

"அது முடியாது" என்றாள் சர்மிளா. "ஒண்டு. இல்லாட்டி ஒண்டும் இல்லை."

ஸுபைதா அந்த இடைவெளியைப் பார்த்தாள். உடைந்த செங்கலுக்கு அப்பால் றம்லாவின் குசினி. சுவரில் பழைய நாட்காட்டி, மூலையில் காஸ் சிலிண்டர், கழுவாத ஒரு கோப்பை. அந்தக் கோப்பையை மறைக்க வேண்டும் என்று றம்லாவுக்குத் தோன்றவே இல்லை. அதைப் பார்த்ததும் ஸுபைதாவுக்கு ஒரு எரிச்சல். எரிச்சலுக்குள் வேறு ஏதோ ஒன்று, பெயர் வைக்க அவளுக்கு விருப்பமில்லாதது.

"அப்ப ஒண்டும் வேணாம்" என்றாள். "தொறந்தே ஈக்கட்டும்."

றம்லா கண்ணைச் சுருக்கினாள். "எனக்கென்ன. ஈக்கட்டும்."

ஹாஜியார் கைகளை விரித்தார். "பாத்தீங்களா மிஸ்? இதுதான் எங்கட சமூகம். ஒரு பழைய கதவு ரெண்டு குடும்பத்த ஒண்டு சேத்திட்டுது." அதையே அடுத்த கூட்டத்தில் சொல்வார், கையேட்டிலும் போடுவார். அவர் சொல்வதைத் திருத்த ஸுபைதாவுக்கு ஏனோ மனம் வரவில்லை. றம்லாவும் வாயைத் திறக்கவில்லை. கண்கள் ஒரு கணம் சந்தித்தபோது, அந்த மனிதரைப் பற்றி மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம் இருப்பது தெரிந்தது.

எல்லோரும் போனார்கள். நடராஜா பாஸ் செங்கற்களைத் தெருவில் அடுக்கிவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே போனார்.

ஸுபைதா தரையைக் கழுவினாள். நிலையின் நடுக்கோடு வரைக்கும் கழுவி, அங்கே நிறுத்தினாள். மறுபக்கம் றம்லா கூட்டினாள், அவளும் கோடு வரைக்கும். கதவைச் சாத்தலாம், அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் இப்போது சாத்துகிறவள்தான் சாத்தினவள் ஆவாள். ஸுபைதா உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து மரவள்ளிக் கிழங்கைத் தோலுரிக்க உட்கார்ந்தாள். முதுகைக் காட்டி உட்காருவதா முகத்தைக் காட்டி உட்காருவதா என்று யோசித்து, கடைசியில் வாங்கைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து றம்லா கேட்டாள்.

"ராத்தா, அங்க என்ன கறி?"

"வந்து பாக்கத் தேவல்ல. மரவள்ளி."

"நான் வாறண்டு சென்னனா?"

ஸுபைதா கிழங்கை நறுக்கினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நறுக்கிவிட்டாள் என்பது சட்டி நிறைந்த பிறகுதான் தெரிந்தது. தன்மீதே கடுப்பாக வந்தது.